மின்விசிறிக் காற்றுகூட வலிக்கிறது, டாக்டர்!

இந்த வாரம் வந்தவற்றில் ஒரு கடிதம் நான்கு பக்கம். வலது கைப் பழக்கமுள்ளவர் இடது கையால் எழுதியது. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் கேள்வி தெளிவாக இருக்கிறது. பாதிக்கு மேல் இடத்தை அதற்கே கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 52. பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது ஈரப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஐந்து வாரம் மாவுக்கட்டு. பிரித்த அன்று "எலும்பு நன்றாகக் கூடிவிட்டது" என்றார்கள். ஆனால் கை வீங்கிச் சிவந்து சுடுகிறது. மின்விசிறிக் காற்று பட்டாலே மிளகாய் அரைத்த கை மாதிரி எரிகிறது. புடவைத் தலைப்பு உரசினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. அந்தக் கை நகங்கள் மட்டும் வேகமாக வளர்கின்றன. "எலும்புதான் கூடிவிட்டதே, இன்னும் என்ன வலி?" என்கிறார்கள் வீட்டில். கட்டுப் பிரித்து ஏழு வாரம் ஆகிறது. மதுரையில் ஒரு டாக்டர் இது சி.ஆர்.பி.எஸ்., அதாவது காயம் ஆறிய பிறகும் அடங்காத வலி நோய், என்று சொல்லி, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் மருந்தை டிரிப்ஸில் ஏற்றலாம் என்கிறார். எனக்கு எலும்புத் தேய்மானமே கிடையாது. அந்த மருந்து தாடை எலும்பை அழுக வைத்துவிடும் என்று மகன் செல்போனில் படித்துக் காட்டினான். போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா, மின்விசிறி பற்றிய வரியைப் படித்ததும் எனக்கு ஒரு தையல்காரர் ஞாபகம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். நான் அப்போது பயிற்சி மருத்துவன். தையல் மெஷின் பெல்ட்டில் சிக்கிச் சுண்டுவிரல் நசுங்கியவர் அவர். காயம் ஆறி இரண்டு மாதம் கழித்து வந்தார். ஈரத்துண்டு சுற்றிய கையை மறு கையில் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார். துண்டைப் பிரிக்கவே விடவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் செய்தித்தாளைப் புரட்டினால் அந்தச் சத்தத்துக்கே பல்லைக் கடித்தார். நான் கேஸ் ஷீட்டில் "மனநல ஆலோசனை தேவை" என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டேன். அந்த வரி இன்னும் எனக்கு உறுத்துகிறது.

உறுத்தக் காரணம் இருக்கிறது. அந்த மனிதரை நேரில் பார்த்த மாதிரி ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில், குண்டடிபட்டு நரம்பு சேதமான சிப்பாய்களைக் கவனித்தவர் சைலஸ் வெயர் மிட்செல். அவரும் இரண்டு சகாக்களும் 1864-ல் வெளியிட்ட புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. கையை எந்நேரமும் நனைத்தே வைத்திருப்பார்கள், சிலர் பூட்ஸுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள், காகிதம் சலசலத்தாலும் லேசாகக் காற்று பட்டாலும் வலி ஏறும். ஈரத்துண்டும் செய்தித்தாளும் அங்கேயே இருந்தன, நான்தான் படித்திருக்கவில்லை. ஆகவே "எலும்புதான் கூடிவிட்டதே" என்று கேட்கும் வீட்டாருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

சிப்பாய்களுக்கு நரம்பில் காயம். உங்களுக்கு நரம்பில் பெரிய காயம் இல்லாமலே வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே குடும்பமாக்கி 1994-ல் 'காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்', சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ்., என்று பெயர் மாற்றினார்கள். உங்களுடையது முதல் வகை, சிப்பாய்களுடையது இரண்டாம் வகை. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு வருவதுதான் அதிகம், அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று நான்கு மடங்கு. இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. தொட்டால் வலி, நிறமும் சூடும் மாறுவது, வீக்கமும் வியர்வையும், அசைவும் நகமும் முடியும் மாறுவது என்று நான்கு கூறுகள் வைத்திருக்கிறார்கள். மூன்றிலாவது நீங்கள் குறை சொல்ல வேண்டும், இரண்டையாவது டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும், வேறு எந்த நோயும் இதை விளக்கக் கூடாது. உங்கள் கடிதத்திலேயே மூன்றரைக் கூறு இருக்கிறது. மதுரை டாக்டர் சொன்னது சரியாகத்தான் படுகிறது.

சரி, மருந்துக்கு வருவோம். 'எலும்புத் தேய்மானம்' என்ற சொல்லோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை. மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்தாலும் அதையே சொல்கிறோம், எலும்பின் அடர்த்தி குறைந்து சல்லடையானாலும் அதையே சொல்கிறோம். உங்கள் டாக்டர் சொன்னது இரண்டாவதற்கான மருந்து. பிஸ்பாஸ்போனேட் என்பது குடும்பப் பெயர். அலெண்ட்ரோனேட், பாமிட்ரோனேட், சோலட்ரோனிக் ஆசிட் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

இதன் பூர்வீகம் சுவாரசியமானது. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியுமே, கோவில்பட்டிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படிவைத் தடுக்கக் குழாய்த் தண்ணீரிலும் சலவைத் தூளிலும் பாஸ்பேட் வகைகளைச் சேர்ப்பது தொழிற்சாலைகளில் பழைய வழக்கம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் பிளைஷ் என்ற ஆராய்ச்சியாளர் 1960-களில், அதே வேலையைச் செய்யும் பைரோபாஸ்பேட் நம் சிறுநீரிலும் ரத்தத்திலும் இருப்பதைக் கவனித்தார். ஆனால் மாத்திரையாகக் கொடுத்தால் உடம்பு அதை உடைத்துவிடும். நடுவில் இருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்தால் உடையாது. அப்படிப் பிறந்ததுதான் பிஸ்பாஸ்போனேட். எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். எலும்பைக் கரைக்கிற ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல் அந்த இடத்தை அரிக்க வரும்போது மருந்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு முடங்கிப்போகும்.

இதற்கும் உங்கள் கைக்கும் என்ன சம்பந்தம்? இந்த நோயில் எலும்புக்கும் பங்கு உண்டு. ஹாம்பர்க் நகர அறுவை மருத்துவர் பால் சூடெக் 1900-லேயே எக்ஸ்ரேயில் இதைக் கண்டார். கை எலும்புகள் பூச்சி அரித்த மரம் மாதிரி திட்டுத்திட்டாக மங்கியிருக்கும். ஒரு சங்கதி சொல்கிறேன், மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வரும். இந்த நோயில் 'போன் ஸ்கேன்' என்ற எலும்பு ஸ்கேன் எடுக்கிறோம் அல்லவா? அதில் ஊசியாகப் போடும் கதிரியக்கப் பொருள் ஒட்டிச் செல்வதும் இதே குடும்பத்து உறவுக்காரப் பொருள்தான். ஸ்கேனில் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் கன்னங்கரேலென்று தெரிந்தால், "மருந்து போய்ச் சேரும் இடம் இது" என்று வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரி. மருந்து வலியை எப்படிக் குறைக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒருமித்த பதில் இல்லை. எலும்பைக் கரைக்கும் செல்கள் அமிலத்தைச் சுரந்துதான் கரைக்கின்றன, எலும்புக்குள் ஓடும் நரம்பு நுனிகளை அந்த அமிலம் எரிச்சலூட்டும், செல்லை அடக்கினால் எரிச்சலும் அடங்கும் என்பது எனக்கு நியாயமாகப் படும் விளக்கம். அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் இது குறைக்கிறது என்கிறார்கள்.

பலன் தெரிந்ததா? இதில் முன்னணியில் இருப்பவர்கள் இத்தாலிக்காரர்கள். 1997-லிருந்தே சிறுசிறு சோதனைகள் செய்து வந்தார்கள். 2013-ல் வெளியானதில் 82 நோயாளிகள், எல்லோருக்கும் நோய் வந்து நான்கு மாதத்துக்குள். பாதிப் பேருக்கு அதே குடும்பத்து நெரிட்ரோனேட் 100 மில்லிகிராம், பத்து நாளில் நான்கு முறை டிரிப்ஸ். மீதிப் பேருக்கு மருந்தில்லாத டிரிப்ஸ். நாற்பது நாள் கழித்து மருந்துக் கூட்டத்தில் நூற்றுக்கு 73 பேருக்கு வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. மருந்தில்லாத கூட்டத்தில் நூற்றுக்கு 32 பேர். இந்த இரண்டாவது எண்ணையும் மறக்காதீர்கள். மூன்றில் ஒருவருக்கு வெறும் டிரிப்ஸே பலன் காட்டியிருக்கிறது, ஆரம்பக் கட்டத்தில் நோய் தானாகத் தணிவதும் உண்டு. இத்தாலியில் இந்த மருந்துக்கு இந்த நோய்க்கென்றே அனுமதி இருக்கிறது. பெல்ஜியத்தில் அலெண்ட்ரோனேட் 40 மில்லிகிராம் மாத்திரையை எட்டு வாரம் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். நியூஸிலாந்தில் பாமிட்ரோனேட் 60 மில்லிகிராமை ஒரே தடவை ஏற்றினார்கள். இரண்டுமே 2004-ல் வந்தவை, இரண்டிலும் பலன் தெரிந்தது, இரண்டிலும் நாற்பது பேர்கூட இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நெரிட்ரோனேட்டைப் பெரிய அளவில் சோதித்த இரண்டு ஆய்வுகளை 2019-ல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இடைக்கணக்குப் பார்த்தபோது, முடிவில் பலன் நிரூபணமாக வாய்ப்பில்லை என்று தெரிந்தது. அதனால் இதை "கைகண்ட மருந்து" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கையிலிருக்கும் ஆயுதங்களில் நல்லது ஒன்று என்றால் ஒத்துக்கொள்வேன். என் அனுபவத்திலும் கை சுடும்போது, சிவந்து வீங்கியிருக்கும்போது கொடுத்தவர்களுக்குத்தான் இது கேட்டிருக்கிறது. கை ஜில்லிட்டுப்போன பிறகு கொடுத்தவர்களில் எனக்கு நினைவிருக்கும் வெற்றி ஒன்றோ இரண்டோதான்.

உங்கள் கை இன்னும் சுடுகிறது. ஏழு வாரம்தான் ஆகிறது. என் தங்கையாக இருந்தால் போட்டுக்கொள்ளச் சொல்வேன். ஆனால் அதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பாருங்கள். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது இந்த மருந்தை ஏற்றினால் கால்சியம் சரேலென்று இறங்கி விரல் மரத்து இழுத்துக்கொள்ளும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டு அந்தக் குறைபாட்டை நாம் எப்படித்தான் சம்பாதிக்கிறோமோ! குறைந்தால் முதலில் அதை ஈடு செய்துவிட்டுத்தான் டிரிப்ஸ். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது ஒத்துவராது.

அப்புறம் பல். உங்கள் மகன் படித்தது பொய் இல்லை. தாடை எலும்பு வெளியே தெரிந்து ஆறாமல் போகும் நிலை 2003-லிருந்து பதிவாகி வருகிறது. பெரும்பாலும் புற்றுநோய்க்காக மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வருடக்கணக்கில், கூடுதல் அளவில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வந்தது, அதுவும் பல் பிடுங்கிய பிறகு. எலும்பு அடர்த்திக்காக எடுப்பவர்களிடம் வருடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவர், அல்லது அதைவிடக் குறைவு. உங்களுக்குச் சொல்லியிருப்பது ஒரு தடவையோ சில தடவையோ. ஆட்டம் காணும் பல், சீழ் வைத்த பல் ஏதாவது இருந்தால் முன்னாலேயே பல் டாக்டரிடம் முடித்துவிடுங்கள். மகனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவன் கேட்டது நல்ல கேள்வி.

ஏற்றும் அன்று ஊசியை இடது கையில் குத்தச் சொல்லுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அவசரத்தில் ஒரு நர்ஸ் வலிக்கும் கையில் ரப்பர் பட்டை கட்டப்போனதை நானே பாய்ந்து தடுத்திருக்கிறேன். பாமிட்ரோனேட் என்றால் சில மணி நேரம் மெதுவாகத்தான் இறங்கும், ஒரு வாரப் பத்திரிகை படித்து முடித்துவிடலாம். மறுநாள் காய்ச்சலும் உடம்பு முறிக்கிற வலியும் வரலாம். நிறையப் பேருக்கு முதல் தடவையில் வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும், பாராசிட்டமால் போதும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் நடுராத்திரியில் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர்" என்று போன் வரும். கண் சிவந்து வலித்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கடைசியாக, மருந்து ஏற்றிக்கொண்டு கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தால் பிரயோஜனமில்லை. வலி கொஞ்சம் இறங்கும் அந்தச் சந்தில் கை அசைய வேண்டும். பஞ்சால் தடவுங்கள், அப்புறம் பட்டுத்துணி, அப்புறம் டர்க்கி டவல். ஒரு அண்டாவில் அரிசியைக் கொட்டி அதற்குள் கையை விட்டுத் துழாவுங்கள். பிசியோதெரபிஸ்ட் முகம் பார்க்கும் கண்ணாடியை நடுவில் வைத்து, நல்ல கையை அசைக்கச் சொல்லி, அதன் பிம்பத்தைப் பார்க்கச் சொல்வார். மாயாஜாலம் மாதிரி இருக்கும், செய்யுங்கள், மூளையைப் பழக்கும் வழி அது. ஐஸ் வைக்காதீர்கள். எண்ணெய் போட்டு யாராவது முரட்டுத்தனமாக நீவ வந்தால் கையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் பைக் விபத்தில் கணுக்கால் நசுங்கியது. இப்போது பாதம் நீலம்பாரித்து ஐஸ் மாதிரி இருக்கிறது. எப்போதும் வலி. இதே நோய்தான் என்கிறார்கள். இந்த ஊசி போட்டால் சரியாகிவிடுமா? வயது 27.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, மேலே எழுதியதைப் படித்திருப்பீர்கள். மூன்று வருடம், குளிர்ந்த பாதம், இரண்டும் இந்த மருந்துக்குச் சாதகமில்லை. போடவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடன் வாங்கிப் போட வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஆறு மாதம் நல்ல பிசியோதெரபி கிடைக்கும். நரம்பு வலிக்கான மாத்திரைகளும், முதுகில், ரத்த ஓட்டத்தையும் வியர்வையையும் ஆளும் சிம்பதெடிக் நரம்புக் கூட்டத்துக்குப் போடும் மரப்பு ஊசியும் இருக்கின்றன. பெரிய மருத்துவமனைகளில் மயக்க மருந்துத் துறையினர் நடத்தும் வலி நிவாரணப் பிரிவில் விசாரியுங்கள். ஒன்று கேட்க வேண்டும்: அந்தக் காலை ஊன்றி நடக்கிறீர்களா? இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தில் ஊன்றுகோல் பற்றி இரண்டு இடத்தில் வருகிறது. தண்ணீர்த் தொட்டியில் இடுப்பளவு நீரில் நடக்க ஆரம்பித்தால் எடை பாதியாகிவிடும். அங்கிருந்து தொடங்குங்கள். தூக்கம் கெட்டிருந்தால், மனம் வெறுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் அந்தத் தையல்காரரைப் பற்றி எழுதிய அர்த்தத்தில் இதைக் கேட்கவில்லை. மூன்று வருட வலி யாரையும் உடைத்துவிடும்.

கேள்வி: அம்மா வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் வலி குறையவே இல்லை. அளவைக் கூட்டலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கூட்டாதீர்கள். அது எலும்பு முறியாமல் காக்கும் மாத்திரை, முழங்கால் மூட்டு தேய்ந்த வலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நான் 'தேய்மானம்' என்ற சொல்லோடு சண்டை போடுவது இதனால்தான். எப்படிச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும் அல்லது நடக்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும். காபியோடு விழுங்கினால் உடம்பில் சேராது. நம் அம்மாக்களைக் காபிக்கு அரை மணி நேரம் காக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

கேள்வி: எனக்கு 24 வயது, அடுத்த தையில் கல்யாணம். கையில் இதே நோய் என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: பிஸ்பாஸ்போனேட் எலும்பில் வருடக்கணக்கில் தங்கியிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதனால் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு நான் இதை முதலில் எடுப்பதில்லை. ஆரம்பக் கட்டம் என்றால் குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கலாம், கூடவே பிசியோதெரபி. கல்யாணத் தேதியையும் குழந்தை பற்றிய யோசனையையும் உங்கள் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

கேள்வி: மனைவிக்குப் போன வாரம் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. இந்த நோய் வராமல் தடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வைட்டமின் சி 500 மில்லிகிராம், ஐம்பது நாள் என்று நெதர்லாந்தில் 1999-லும் 2007-லும் சோதித்துப் பலன் சொன்னார்கள். 2014-ல் எடின்பரோவில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. விலை மலிவு, சிறுநீரகக் கல் இல்லாதவருக்குக் கெடுதலும் இல்லை, நான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதைவிட முக்கியம், கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களையும் தோளையும் மணிக்கு ஒரு தடவை அசைக்கச் சொல்லுங்கள். கை தொங்காமல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் "அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். அந்தக் கையில் மோதிரம் இருந்தால் இன்றே சோப்புப் போட்டுக் கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு ஆசாரியிடம் போய் அறுக்க வேண்டிவரும்.